மேட்டில் பழகிய நடை

நான் இரண்டு தடவை நடக்கப் பழகியிருக்கிறேன். முதல் தடவை தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. இரண்டாவது தடவை எனக்குப் பத்தொன்பது வயது. இடம் கொழும்பு, மூன்றாம் மாடியில் ஒரு வகுப்பறை, கையில் பென்சில். அந்த இரண்டாவது நடைதான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. ஆகவே அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு.

தெஹியோவிட்டையிலிருந்து மேலே ஏறினால் வரும் ரப்பர் தோட்டங்களில் ஒன்று எங்களுடையது. தோட்டம் என்றாலே தேயிலையும் கூடையும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லியே நான் களைத்துப் போயிருக்கிறேன். எங்களிடம் கூடை கிடையாது, வாளிதான். விடியற்காலையில் மரத்தில் கத்தியால் கீறிவிட்டு, வடியும் பாலைச் சிரட்டையில் பிடித்து, வெயில் ஏறிய பிறகு வாளியில் சேர்த்து, நிறுக்கிற கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அதைப் பால் வெட்டு என்போம். அம்மா பால் வெட்டினார். அப்பா ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், அந்தப் பாலை ஷீட்டாக உருட்டினார். நான் இரண்டையும் செய்யாமல் கிடைத்த தாளிலெல்லாம் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

உயர்தரப் பரீட்சையில் சித்திரத்துக்கு நல்ல பெறுபேறு வந்தது. மற்றப் பாடங்கள் என்னைப் பல்கலைக்கழக வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டன. சும்மா இருந்த அந்த மாதங்களில் ஒரு சிங்களப் பத்திரிகையில் விளம்பரம் பார்த்தேன். கொழும்பில் ஒரு வருடப் படிப்பு, படங்களை அசைய வைக்கும் கலை, வரைந்து காட்டித் தெரிவானால் கட்டணம் இல்லை. போனேன், வரைந்து காட்டினேன், தெரிவானேன். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் ‘பாப்பா கார்ட்டூன் படிக்கப் போகுதாம்’ என்று சிரித்தார்கள். உண்மை அதுதான் என்பதால் நானும் சேர்ந்து சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. அவர் மனதில் வேறு கணக்கு இருந்தது. பால் வெட்டப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடத்துக்கு எங்கள் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என்று பெயர். அங்கே இருந்த ஆயா ஆறு மாதத்தில் ஓய்வு பெறப் போகிறார். உயர்தரம் படித்த பிள்ளை லயத்திலேயே இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று தோட்டத்தில் வேலை பிரிக்கிற கணக்கப்பிள்ளையே அம்மாவிடம் சொல்லியிருந்தார். வெயில் இல்லை, மழை இல்லை, அட்டைக்கடி இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. அம்மாவுக்கு அது சொர்க்கம். எனக்கு அது நான் தொட்டிலில் கிடந்த இடம். பத்தொன்பது வயதில் திரும்பவும் அங்கேயே போய் உட்கார எனக்கு மனமில்லை.

எங்கள் வீட்டில் அழுது சாதிப்பது வழக்கமில்லை, பேசித் தீர்ப்பதுதான். கொழும்புப் படிப்பில் முதல் ஆறு மாதம் முடிந்ததும் ஒரு தெரிவு இருந்தது. அதில் பாதிப் பேர்தான் அசையும் படங்களுக்குப் போவார்கள். மற்றவர்களைக் கல்யாணக் கார்டும் பெயர்ப்பலகையும் வடிவமைக்கிற வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தத் தெரிவில் தேறினால் நான் படிப்பை முடிப்பேன். தேறாவிட்டால் முகம் தூக்காமல் பிள்ளைக்காம்பராவுக்குப் போவேன். இப்படி நான் வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்குக் கொஞ்சமும் பயம் இருக்கவில்லை. படம் வரைவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது என்று அப்போது நம்பியிருந்தேன். தெஹியோவிட்டைவரைக்கும் அது உண்மையும்கூட.

வாரத்தில் மூன்று நாள் வகுப்பு. முதல் பஸ்ஸில் மலையிறங்கி அவிசாவளையில் மாறிக் கொழும்புக்குப் போவேன். வகுப்பு சிங்களத்தில் நடந்தது, அது எனக்குப் பிரச்சினை இல்லை. எங்கள் பக்கத்தில் கடைத்தெருவுக்குப் போய்வருகிற யாருக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் வேலைக்குரிய சொற்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. எங்களுக்குப் படிப்பித்த சேர் ஒரு பிடிவாதக்காரர். மெலிந்த மனிதர், கையில் எப்போதும் ஒரு கிளாஸ் பிளேன்டீ இருக்கும். ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தால் மறுநாள் அந்தச் சொல்லைப் பாவிக்காமல் அதை விளக்கச் சொல்வார். புத்தகத்தில் இருப்பதைத் திருப்பிச் சொன்னால் தேநீரைக் குடித்துக்கொண்டே அடுத்த ஆளைப் பார்ப்பார். அதைவிடப் பெரிய அவமானம் அந்த வகுப்பில் இருக்கவில்லை.

ஆகவே நான் ஒவ்வொரு சொல்லையும் பஸ்ஸில் தோட்டத்துக்குக் கொண்டுபோய் அங்கே ஒரு ஆளையோ பொருளையோ தேடிப் பிடித்தேன். பிரேம் என்பது ஒரு தாள், ஒரு கணம். அதில் கஷ்டமில்லை. கீ என்பது முக்கியமான நிலை: குனிந்தவள் ஒரு கீ, நிமிர்ந்தவள் ஒரு கீ. அந்த இரண்டுக்கும் நடுவில் வருகிற தாள்கள் எல்லாம் இன்பிட்வீன். ஆன்டிசிபேஷன் என்று ஒரு பெரிய சொல் வந்தது. படத்தில் வருகிற ஆள் ஒன்றைச் செய்வதற்கு முன் அதற்கு எதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் அசைய வேண்டும், அப்போதுதான் பார்க்கிறவனுக்கு விளங்கும் என்றார். எனக்கு உடனே அப்பா ஞாபகம் வந்தார். ஸ்டோர் வேலை முடிந்து பாயில் உட்கார்ந்தவர் எழும்புவதற்கு முன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சைப் பார்த்ததும் அம்மா அடுப்பில் கேத்தலை வைத்துவிடுவார். மறுநாள் அதை அப்படியே சொன்னேன். சேர் தேநீரைக் கீழே வைத்தார்.

டைமிங் என்ற சொல்லை எனக்கு விளங்க வைத்தவர் ஒரு ராணுவச் சிப்பாய். அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. சோதனைச் சாவடிகள் திரும்பவும் முளைத்த காலம். கொழும்பு எல்லையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். என் தமிழ்ப் பெயரைப் பார்த்தால் பையையும் பார்ப்பார்கள். அன்று பைக்குள் பந்து துள்ளுகிற படங்கள் ஒரு கட்டாக இருந்தன. இதென்ன ஒரே படத்தை இத்தனை தடவை வரைந்திருக்கிறாய் என்று சிப்பாய் சந்தேகமாகக் கேட்டார். நான் கட்டை வாங்கிப் பெருவிரலால் தள்ளிக் காட்டினேன். பந்து துள்ளியது. அவர் என்னிடமிருந்து அதைப் பறிக்காத குறையாக வாங்கித் தானே தள்ளிப் பார்த்தார். மெதுவாகத் தள்ளியபோது பந்து காற்றடித்த பலூனாக மிதந்தது. வேகமாகத் தள்ளியபோது பலாக்காய் மாதிரி விழுந்தது. படம் ஒன்றுதான், விரல்தான் அதைக் கனமாக்கியது, லேசாக்கியது. பின்னால் கொண்டக்டர் கத்தும்வரை அவர் தள்ளிக்கொண்டே இருந்தார். அன்று வகுப்பில் டைமிங்கை நான்தான் விளக்கினேன், யாரிடமிருந்து கற்றேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்தப் பந்துக்கும் ஒரு கதை உண்டு. முதல் பயிற்சியே ரப்பர் பந்து துள்ளுவதுதான். தரையில் பட்டதும் சப்பையாக வேண்டும், மேலே போகும்போது நீள வேண்டும்; அதற்கு ஸ்குவாஷ், ஸ்ட்ரெட்ச் என்று பெயர். ரப்பர் தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்ததும் இவளுக்கு இது தண்ணீர் மாதிரி வரும் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் தோட்டத்தில் ரப்பர் என்பது பாலாகவும் புகை மணக்கிற ஷீட்டாகவும்தான் இருந்தது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கடைப் பந்து எங்களுக்குக் கிடையாது. மரத்தின் கீறலில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை நூல் மாதிரி உரித்து, சுற்றிச் சுற்றிப் பந்தாக்குவோம். அது ஒருநாளும் உருண்டையாக வராது. கிழக்கே அடித்தால் மேற்கே துள்ளும். நான் அந்தப் பந்தைத்தான் வரைந்தேன். மற்றவர்களின் பந்து அழகாக வளைந்து வளைந்து போனது. என்னுடையது இரண்டாவது துள்ளலில் பக்கத்தில் பாய்ந்தது. வகுப்பு சிரித்தது. சேர் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்து, இந்தப் பந்தில் மட்டும்தான் அடுத்து என்ன நடக்கும் என்று தனக்குத் தெரியவில்லை என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்தத் தலைக்கனத்தோடுதான் நான் நடைக்கு வந்தேன்.

நடைதான் தெரிவுக்குரிய வேலை. ஒரு ஆள் நடப்பதை வரைய வேண்டும். கடைசித் தாள் முதல் தாளோடு பொருந்த வேண்டும், அப்போது அந்த ஆள் நிற்காமல் நடந்துகொண்டே இருப்பார். இதற்கு லூப் என்று பெயர். நடையில் நாலு நிலை உண்டு: முன்கால் தரையைத் தொடுவது, உடம்பு தாழ்வது, ஒரு கால் மற்றதைக் கடப்பது, உடம்பு உயர்வது. பிறகு அந்த நடையை ஓடவிட்டு, படித்த சொற்களை அதிலேயே காட்டி விளக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வெயிட், கனம், தெரிய வேண்டும். அந்தச் சொல்லுக்கு மட்டும் எனக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. பரவாயில்லை, நடையை வரைந்தால் தானாக வரும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு பெண் நடப்பதை வரைந்தேன். தாள்களை ஒவ்வொன்றாகக் கமெராவுக்குக் கீழே வைத்துப் பிடித்துத் திரையில் ஓடவிட்டோம். கோடு சுத்தமாக இருந்தது, லூப் எங்கேயும் இடறவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சேர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்.

“இந்தப் பெண் எங்கே ஏறிப் போகிறாள்?”

எனக்கு விளங்கவில்லை. அவள் எங்கேயும் ஏறவில்லை, சும்மா நடக்கிறாள் என்றேன். வகுப்பு சிரித்தது. சேர் கோடு போடுகிற அடிமட்டத்தை எடுத்துத் திரையில் வைத்தார். உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. முழங்கால் இடுப்புக்குக் கிட்ட வந்துபோனது. முன்கால் நுனிப்பாதத்தால் தரையைத் தொட்டது. சமதரையில் நடக்கிறவர்களுக்கு முதலில் குதிகால்தான் படும் என்றார். இல்லை சேர், எல்லோரும் இப்படித்தான் நடப்பார்கள் என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் என்னை வெளியே நீளமான சீமெந்து நடைபாதைக்குக் கூட்டிப்போனார், வகுப்பு முழுவதும் பின்னால் வந்தது. முதலில் வரக்காப்பொலையிலிருந்து வருகிற என் சிநேகிதியை நடக்கச் சொன்னார். கண்டி வீதிக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவள் அவள். குதிகால், பாதம், விரல் என்று வைத்து, முதுகு நிமிர்ந்து, கடைக்குப் போகிறவள் மாதிரிப் போய் வந்தாள். பிறகு என்னை நடக்கச் சொன்னார்.

நடந்தேன். பாதி வழியில் எனக்கே தெரிந்துவிட்டது. கண்ணாடி மாதிரித் தட்டையான சீமெந்துத் தரையில் நான் முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போய்க்கொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டு ஒன்று எனக்கு மட்டும் போட்டிருந்த மாதிரி இருந்தது. எங்கள் தோட்டத்தில் சமதரை என்று ஒன்று இல்லவே இல்லை. லயத்திலிருந்து தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு இறக்கம், பள்ளிக்கூடத்துக்கு ஏற்றம், கோயிலுக்கு இன்னும் ஏற்றம். பையன்கள் கிரிக்கெட் விளையாடுகிற மைதானம்கூடச் சரிவுதான். பவுண்டரி போகிற பந்தை ஆற்றில்தான் தேட வேண்டும். மேட்டிலும் பள்ளத்திலும் பழகிய கால் அது. அதற்கு நடையென்றாலே ஏறுவதுதான்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் நடந்த நடையைப் பிழை என்று சொல்ல இவர்கள் யார்? ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. தெரிவுக்கு இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான் இருந்தது. சமதரையில் நடக்கவே வராதவளை யார் அசையும் படத்துக்கு எடுப்பார்கள்? பிள்ளைக்காம்பரா நாற்காலி என் கண்முன் வந்து நின்றது. சேர் மோசமானவர் இல்லை. நடையின் நாலு நிலையும் வரைந்து சுவரில் தொங்குகிற அட்டையைக் காட்டி, அதைப் பார்த்து அப்படியே வரை, தேறிவிடுவாய் என்றார்.

வரைந்தேன். அந்தக் கிழமையே வரைந்து முடித்தேன். சிநேகிதி எனக்காக நடைபாதையில் எள்ளுருண்டையைக் கடித்துக்கொண்டு மேலும் கீழும் நடந்தாள், நான் அவள் காலைப் பார்த்து வரைந்தேன். பிழை சொல்ல இடமில்லாத நடை. குதிகால் முதலில் பட்டது, உடம்பு ஒழுங்காகத் தாழ்ந்து உயர்ந்தது. ஆனால் ஓடவிட்டுப் பார்த்தால் எனக்குச் சப்பென்று இருந்தது. யாரோ ஒருத்தி எங்கேயோ ஒரு காரணமும் இல்லாமல் நடந்தாள். அதைக் காட்டிக் கனம் என்றால் என்ன என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அட்டையில் இருக்கிறது சேர் என்று சொல்வதா? அவர் தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்.

சனிக்கிழமை தோட்டத்தில் பால் நேரத்துக்கு, கொட்டகைக்கு இறங்குகிற பாதையோரம் ஒரு கல்லில் போய் உட்கார்ந்தேன். என் கால் பிழையென்றால் எந்தத் தரையில் சரியோ அந்தத் தரையையும் சேர்த்து வரைந்துவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். பெண்கள் மலையிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள், கையில் நிறைந்த வாளி. பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான். ஆனால் சொல் ஒன்று கையில் இருந்தால் பழைய காட்சியும் வேறு மாதிரித் தெரிகிறது. நான் அன்று உடம்பு தாழ்வதையும் உயர்வதையும் தேடினேன். அது இல்லை. ஒருத்திக்கும் இல்லை. முழங்கால் மடிந்தபடியே வந்தது, பாதம் பக்கவாட்டில் திரும்பிக் குதிகால் மண்ணில் ஊன்றியது, வாளி இல்லாத கை தூரமாக விலகி நின்றது. தலை மட்டும் கயிறு கட்டி இழுத்த மாதிரி ஒரே கோட்டில் இறங்கியது. வெறும் வாளியோடு திரும்பி ஏறியவர்கள் நன்றாக அசைந்து, பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

எல்லோரும் என்னைக் கேலி செய்துகொண்டே போனார்கள். என்ன பாப்பா, மாப்பிள்ளை வீட்டுக்குப் பொண்ணு பார்க்கிறியா என்று ஒரு அக்கா கேட்டார். பிறகு அம்மா வந்தார். நான் தாளும் பென்சிலுமாகத் தன் காலையே பார்ப்பதைக் கண்டதும் அம்மாவின் நடை மாறிவிட்டது. ஒரு அடி பெரிதாக, ஒரு அடி சின்னதாக வைத்தார். வாளி ஆடியது. பால் விளிம்பைத் தாண்டிக் காலில் சிந்தியது.

“பாக்காதடி. நீ பாக்குறன்னு நெனச்சாலே காலு பின்னுது.”

சிந்தியது ஒரு கை அளவு இருக்கும். ஆனால் அம்மா அந்த இடத்திலேயே நின்று மண்ணைப் பார்த்தார். விடியற்காலையிலிருந்து மரம் மரமாக ஏறி இறங்கிச் சேர்த்தது அது. சேலையில் பட்டால் கறை போகாது, மண்ணில் பட்டால் திரும்பி வராது. நான் அன்றைக்கு அதற்குமேல் வரையவில்லை, வரையத் தேவையும் இருக்கவில்லை. இத்தனை மாதமாகத் தேடிய கனம் என் கண்முன் சிந்தியிருந்தது. எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

மிச்சக் கிழமைகளில் சரிவுப் பாதை ஒன்றில் பால் வாளியோடு இறங்குகிற பெண்ணை வரைந்தேன். தரையாக ஒரேயொரு சாய்ந்த கோடு. அட்டையைப் பார்த்து வரைந்த நடையையும் பையில் வைத்திருந்தேன். பயந்தால் அதைக் காட்டிவிட்டுத் தப்பலாம்.

தெரிவு நாளில் சேருக்குப் பக்கத்தில் விளம்பர நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த ஒரு மிஸ் உட்கார்ந்திருந்தார். அழகாகச் சேலை கட்டி, குதி உயர்ந்த செருப்புப் போட்டிருந்தார். என் முறை வந்ததும் நான் பையைத் திறந்தேன். இரண்டு கட்டும் கைக்கு ஒரே கனமாகத்தான் இருந்தன. வாளிக்காரியை எடுத்து வைத்தேன். சிநேகிதி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு சுற்று ஓடியதும் மிஸ் தலையை ஆட்டினார். உயர்கிற நிலை இல்லை, தாழ்கிற நிலையும் இல்லை, பெண் வழுக்கிக்கொண்டு போகிறாள், இதில் வெயிட் இல்லை என்றார். சேர் எப்போதும்போலத் தேநீரைக் கையில் வைத்திருந்தார், கிளாஸ் அப்போதுதான் நிரம்பி வந்திருந்தது. எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று யாராவது கேட்டால், கோபத்திலிருந்து என்றுதான் சொல்வேன். சேரிடம் கிளாஸைக் கேட்டு வாங்கினேன். மிஸ், இதை ஜன்னல்வரை கொண்டுபோய் வர முடியுமா, வழக்கமாக நடக்கிற மாதிரியே நடங்கள் என்றேன்.

நல்லவேளையாக அவர் விளையாட்டுக் குணம் உள்ளவர். எழுந்து கிளாஸை வாங்கி, குதிகால் படப் படக் கம்பீரமாக நடந்தார். நாலாவது அடியில் தேநீர் கையில் சிந்தியது. சுட்டிருக்கும், ஆனால் அவர் கிளாஸை விடவில்லை. நின்று கையைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப நடந்தார். இந்தத் தடவை முழங்கால் மடிந்திருந்தது, மற்றக் கை விலகி நின்றது, தலை ஒரே கோட்டில் வந்தது. சேர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மிஸ் உட்கார்ந்து, சரி, அப்படியானால் உன் படத்தில் வெயிட் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஊன்றுகிற குதிகாலில், நிமிராத முழங்காலில், விலகி நிற்கிற கையில் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். சேர் அவருடைய வழக்கமான கேள்வியைக் கேட்டார்: அந்தச் சொல்லைப் பாவிக்காமல் சொல். நான் சிங்களத்தில் சொன்னேன். வெறும் வாளியைத் தூக்கினாலும் கை இறங்கும், அது வாளியின் சங்கதி. இவள் நடையில் இருப்பது இது சிந்திவிடக்கூடாது என்ற நினைப்பு, அந்த நினைப்பைத்தான் உடம்பு முழுக்க வரைந்திருக்கிறேன் என்றேன். மிஸ் இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னார்.

முடிவை அடுத்த கிழமை சொல்வதாக எங்களை அனுப்பிவிட்டார்கள். அது நல்லபடியாகத்தான் வந்தது. இல்லாவிட்டால் நான் இப்போது வேறு எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். ஆனால் அன்று பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது தெரியாது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி ஆவது ஆகட்டும் என்றுதான் இருந்தது.

வீட்டுக்குப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்து வாளியின் உட்புறம் ஒட்டிக் காய்ந்திருந்த பாலை உரித்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். நான் தாள் கட்டைக் கொடுத்து, ஒரு ஓரத்தைப் பிடித்து மறு ஓரத்தைப் பெருவிரலால் தள்ள வேண்டும் என்று காட்டினேன். அம்மா தள்ளினார். ஒரு தாள், கொஞ்ச நேரம் கழித்து ஒரு தாள், பிறகு இன்னொன்று. அப்படித் தள்ளினால் படம் எப்படி அசையும்?

“வேகமாத் தள்ளுங்கம்மா. அப்பதான் நடப்பா.”

“வேகமாத் தள்ளுனா சிந்திடும்.”

சொன்னவர் சிரிக்கவில்லை. விளையாட்டுக்கும் சொல்லவில்லை. கண் அந்தப் பென்சில் வாளியின் விளிம்பிலேயே இருந்தது. ஒவ்வொரு தாளாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணைச் சரிவில் இறக்கிக் கடைசித் தாள்வரை கொண்டுவந்தார். அதற்கு அடியில் ஒன்றும் இல்லை என்று கண்டதும் கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“கொட்டகைக்கு இன்னும் வரலையே.”

இது அவ்வளவுதான், திரும்ப முதல் தாளிலிருந்து நடப்பாள் என்றேன். ஒரு இடத்தில் போய்ச் சேர வைப்பது எப்படி என்பதை அடுத்த ஆறு மாதத்தில்தான் சொல்லிக்கொடுப்பார்கள், அதற்கு என்னை எடுத்தார்களா என்று அடுத்த கிழமைதான் தெரியும் என்றேன். அம்மா தாள்களை மடியில் தட்டி ஒழுங்காக்கி, ஓரம் மடங்காமல் என் கையில் கொடுத்தார்.

“பால் வாளியோட அவள நடுமலைல நிக்க வச்சிட்டா வருவ? போயி அவளக் கொண்டுபோயிச் சேத்துட்டு வா. எடுக்கலன்னாலும் திரும்பக் கேளு. ஆயா வேலைக்கு வேற புள்ளையப் பாக்கச் சொல்லி காலைல கணக்கப்பிள்ளகிட்ட நான் சொல்லிர்றேன்.”